பதினேழு தொட்டிகள், இருபது வார மாத்திரை

எங்கள் அடுக்குமாடியின் இல்ல விதிகளில் ஒன்று இப்படித் தொடங்குகிறது: பொது நடைவழியில் ஒரு வீட்டார் வைத்திருக்கும் பொருளை அகற்றுவதென்றால், நிர்வாகக் குழு பதினான்கு நாளுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். விதி எனக்கு மனப்பாடம். அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான். நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஒருவன் ஜார்ஜ்டவுனில் எட்டாவது மாடியில் குடியேறினால், அக்கம்பக்கத்தார் அவன் தலையில் கட்டுகிற வேலை இதுதான்.

அந்த விதிப்படி என் பதினேழு காய்கறித் தொட்டிகளுக்குப் பதினான்கு நாள் கிடைத்திருக்க வேண்டும். ஒரே முற்பகலில் அவற்றை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது நான் மருத்துவமனையில், கேட்டால் என் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் கிடந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சர்க்கரை நோயும் மண்ணில் கை வைக்கும் பழக்கமும் சேர்ந்தே உள்ளவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வீட்டுக்கு முன்னால் கைப்பிடிச் சுவரோரம் எனக்கு இருந்த இடம் ஒன்றரை அடி அகலம். மதியம் வரை வெயில் வரும். பாசாரில் மீன் வரும் வெள்ளை நுரைப்பெட்டிகள், பழைய சாய வாளிகள் என்று பதினேழு. கத்தரி, வெண்டை, மிளகாய், தண்டுக்கீரை, சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாகல். சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர இடம் விட்டு, அளந்துதான் வைத்திருந்தேன். அந்த நாற்காலி முதலில் எனக்கே தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மண்ணை மாற்றினேன். என் மனைவி இந்திராணியின் தம்பி தாசேக் கெலுகோரில் செம்பனைக் காட்டை ஒட்டி வீடு வைத்திருக்கிறார். "கடையில விக்கிற மண்ணு வெறும் தூசி, என் தம்பி வீட்டு மண்ணப் பாருங்க" என்றாள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு நான்கு சாக்கு ஈர மண்ணைக் காரில் ஏற்றி வந்தேன். நடைவழியில் கொட்டி, உமி சேர்த்து, வெறுங்கையால் பிசைந்தேன். காலில் ரப்பர் சிலிப்பர். குதிகாலில் வெடிப்பு. என் பாதங்கள் சில வருடங்களாக எந்தப் புகாரும் தெரிவிப்பதில்லை. அதை நல்ல செய்தி என்றே எண்ணியிருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஆனால் நடுக்கம், விடிந்தால் வியர்வை. கிளினிக்கில் டெங்கிச் சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் அதையே விழுங்கிக்கொண்டிருந்தேன். மகள் ஷாலினி புக்கிட் தெங்காவில் தொழிற்சாலைப் பொறியாளர். பதினோராம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை.

"ப்பா, சிலுவார் இடுப்புல நிக்கல. இன்னும் என்ன பார்க்கணும்? காடி கீழ நிக்குது, கிளம்புங்க லா."

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் மூன்று சீழ்க்கட்டிகள். நுரையீரலில் ஒரு நிழல். இரத்தத்தை எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். அது வளர நாளாகும். நான்காம் நாள் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரசு மருத்துவமனையில் மருத்துவர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அங்கிள், தோட்டம் போடுவீங்களா?"

"தோட்டம் இல்லம்மா. எட்டாவது மாடி. தொட்டி."

"மண்ணு எங்கேருந்து எடுத்தீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் இந்திராணி சொன்னாள்: "என் தம்பி வீட்டுலருந்து." அதன் பிறகு அன்று அவள் பேசவே இல்லை.

நோயின் பெயர் மெலியோய்டோசிஸ் (ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் தொற்று, தோல் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும், சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும்). எங்கே, எப்போது ஒட்டியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தாசேக் கெலுகோர் மண்ணாக இருக்கலாம், வேறெங்கோ மிதித்த சேறாகவும் இருக்கலாம். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக மிக அரிது என்றும் சொன்னார். அப்படியும் என்னைப் பார்க்க வந்த உறவினர் பலர் வாசலோடு நின்று கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

அன்று இரவே செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் தாக்கி உறுப்புகளை முடக்கும் நிலை). அடுத்த ஒன்பது நாள் என் கணக்கில் இல்லை. நரம்பு வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்து வாரம் கழித்து, பதினான்கு கிலோ குறைந்து, சக்கர நாற்காலியில் வீடு திரும்பினேன்.

எட்டாவது மாடியில் மின்தூக்கி திறந்தது. கைப்பிடிச் சுவரோரம் ஒன்றும் இல்லை. சிமெண்டில் வட்டமும் சதுரமுமாகப் பதினேழு கறைகள்.

"தொட்டி எங்க?"

"மொதல்ல உள்ள வாங்க," என்றாள் இந்திராணி.

"யார் எடுத்தா?"

"குழு ஆளுங்கதான் வந்து எடுத்தாங்க."

ஷாலினி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்திருந்தது.

மறுநாளே கடிதம் எழுதினேன், பேனாவைப் பிடிக்க முடியாமல் மூன்று தடவையாக. விதி, பத்தி, அறிவிப்பு கொடுக்கப்பட்ட தேதி எது, தீர்மானம் எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது. பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து நினைவூட்டல். அதற்கும் இல்லை. குழுத் தலைவர் லிம் தூரத்தில் என்னைக் கண்டால் மின்தூக்கியை விட்டுப் படியில் இறங்கினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. குற்ற உணர்ச்சிதான் இறங்க வைக்கிறது என்று கோப்பில் குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் மாத்திரை. நரம்பு மருந்து முடிந்ததும் நோய் முடியவில்லை. கோட்ரைமாக்சசோல் (ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்க மாதக்கணக்கில் கொடுக்கும் மாத்திரை), என் எடைக்குக் காலை நான்கு, இரவு நான்கு, இருபது வாரம். கூடவே ஒரு வைட்டமின். வாயில் எப்போதும் இரும்புச் சுவை. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். சிறுநீரகமும் இரத்த அணுக்களும் தாங்குகின்றனவா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். ஆறாவது வாரம், போதும், நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

"நிறுத்தினா திரும்பி வரும் அங்கிள்," என்றார் மருத்துவர். "அடுத்த தடவ இந்த மாதிரி எழுந்து உட்கார்ந்து என்கிட்ட சண்ட போட முடியுமான்னு எனக்குத் தெரியாது."

என்னுடைய கடிதங்கள் இரண்டு பதிலில்லாமல் நிலுவையில் இருந்தன. நிலுவையை வைத்துவிட்டுச் சாவது என் பழக்கத்தில் இல்லை. மாத்திரையைத் தொடர்ந்தேன். இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை: பிழைத்திருக்க உயர்ந்த காரணம் எதையும் தேடாதீர்கள். யார்மேலாவது நியாயமான கோபம் இருந்தால் அதுவே இருபது வாரத்துக்குக் காணும். குமட்டல், தோல் தடிப்பு எதுவானாலும் நீங்களாக நிறுத்தாமல் உடனே போய்ச் சொல்லுங்கள். மாற்று மருந்து அவர்களிடம் உண்டு.

பதினோராவது வாரம் தடியூன்றிக் கீழ்த்தளத்து அலுவலகத்துக்குப் போனேன். ஆவணங்களைப் பார்வையிடக் குடியிருப்பாளருக்கு உரிமை உண்டு. அதையும் நான்தான் எழுதினேன். லிம் எழுந்து நின்றுவிட்டார்.

"என்சிக், வேண்டாம். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்," என்று மலாயில் கெஞ்சினார்.

"கோப்பு," என்றேன்.

கோப்பில் ஒரே ஒரு தாள். மலாயில், எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில். என் வீட்டின் முன்னாலுள்ள எல்லாத் தொட்டிகளையும் உடனே எடுத்துவிடுங்கள், அறிவிப்பு தேவையில்லை, என் கணவர் சாகக் கிடக்கிறார். கீழே: உரிமையாளர், இந்திராணி.

உரிமையாளர் அவள்தான். வீடு வாங்கியபோது பத்திரத்தை அவள் பெயரில் போட்டவன் நான், படிவத்தை நிரப்பியவனும் நான். நான் எழுதிய விதியின் இரண்டாவது வாக்கியம், உரிமையாளரே கேட்டுக்கொண்டால் அறிவிப்பு வேண்டியதில்லை என்கிறது. நடைமுறையில் ஒரு பிழையும் கிடையாது. முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோப்பை நான் பார்த்ததில்லை.

மேலே வந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைக் கீரை.

"குழு ஆளுங்கதான் எடுத்தாங்கன்ன."

"அவங்கதானே எடுத்தாங்க?"

அது பொய் இல்லை. நில அலுவலகத்தின் முகப்பு மேசையில் நானே பல பேருக்குச் சொல்லி அனுப்பிய வகை உண்மை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"யார்கிட்ட?" கீரையைக் கீழே போட்டாள். "என்னை யாருன்னே தெரியல உங்களுக்கு. ஆபீஸ் கிளார்க்குன்னு நெனச்சி, ஃபைல எடுத்துட்டு வா, நிக்காதேன்னீங்க. நர்ஸு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அன்னிக்குத்தான் டாக்டர் வந்து, மகள வரச் சொல்லுங்கன்னு சொன்னாங்க."

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"என் தம்பி வீட்டு மண்ணு. நான்தான் கொண்டாரச் சொன்னேன். நீங்க போய்ட்டிருந்தா தெனமும் கதவத் திறந்ததும் நான் அதோட மூஞ்சிலதான் முழிக்கணுமா?"

அவள் சொன்னதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. தொட்டி விஷயத்தில் இருந்தது. எனக்கு வயது அறுபத்தெட்டு. பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதற்காக ஐந்து வாரம் நரம்பில் மருந்தை ஏற்றிக்கொள்ளவில்லை. அன்றிரவே விண்ணப்பம் எழுதினேன். பெறுநர்: வீட்டு உரிமையாளர். பொருள்: நடைவழியில் எட்டுத் தொட்டிகள் வைக்க அனுமதி கோருதல். வரைபடம் இணைத்து, தபால் தலை ஒட்டி, அஞ்சல் பெட்டியில் போட்டேன். மூன்றாம் நாள் அவளே கீழேயிருந்து எடுத்து வந்தாள். பிரித்துப் படித்தாள். அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

"மாத்திரை முடியட்டும்."

"வாய்மொழிப் பதிலைக் கோப்பில் சேர்க்க முடியாது."

"அப்ப சேர்க்காதீங்க."

மண்ணே இல்லாமல், ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி இரண்டு வெங்காயத்தைச் சமையலறை ஜன்னலில் முளைக்க வைத்தேன். வெங்காயத்தாள் இரண்டு அங்குலம் வந்தது. ஒருநாள் காலையில் தம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. "தண்ணியிலயும் இருக்கும்னாங்களே," என்றாள். உரிமையாளருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். பிறகு மூன்றாவது.

இருபதாவது வாரம் மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. ஸ்கேனில் கல்லீரல் சுத்தம். இன்னும் சில வருடம் கண்காணிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றே வர வேண்டும், கிளினிக்கில் இந்த நோயின் பெயரை நானே முதலில் சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர். பக்கத்தில் இந்திராணி இருக்கும்போதே தொட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன்," என்றார். "எப்படியும் செய்யத்தான் போறீங்கன்னா, கையுறை, மூடின சப்பாத்து, காஞ்ச மண்ணு பறந்தா முகக்கவசம். தோல்ல புண் இருந்தா கிட்டயே போகாதீங்க. மழ நாள்ல மண்ணத் தொடாதீங்க. சக்கரையக் கட்டுல வைங்க. அப்படியும் ஆபத்து பூஜ்யம் ஆகாது."

இந்திராணி எல்லாவற்றையும் என் மாத்திரை உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

இந்த உடம்பு என்னுடையது என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது நான் இதில் குடியிருப்பவன் மட்டுமே என்று படுகிறது. தினமும் காலையில் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்து, விரல் இடுக்குகளைச் சோதித்து, வெடிப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே கட்டிலை விட்டு இறங்குகிறேன். அதில் எனக்கு அவமானம் இல்லை. வீட்டைப் பராமரிக்காத குடியிருப்பாளர் பலருக்கு நானே கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

காலத்தை எண்ணும் கணக்கும் மாறிவிட்டது. அடுத்த பரிசோதனை மூன்று மாதத்தில். தண்டுக்கீரை நான்கு வாரத்தில் வந்துவிடும்; கத்தரி அந்தப் பரிசோதனைத் தேதியைத் தொட்டுக்கொண்டுதான் காய்க்கும். எனக்குள்ள நிலைமையில் கீரையோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. நான்காவது கடிதத்தில் கத்தரியும் கேட்டேன், தாராளமாகக் கிள்ளி எடுக்க இரண்டு வருடமாவது ஆகிற கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் கேட்டேன். காரணம் என்ற இடத்தில், இரண்டு வருடம் கழித்து ரசத்தில் போட, என்று எழுதினேன்.

ஒரு மாதம் போயிற்று. ஒரு காலையில் என் காப்பிக் கோப்பைக்கு அடியில் அந்த நான்காவது கடிதமே இருந்தது. அடிப்பகுதியில், நீல மையில், தமிழில்:

ஏழு தொட்டி போதும். கறிவேப்பிலை சரி. மண்ணு கடையில் வாங்கியது. கலக்குவது நான், கையுறையோடு. எனக்குச் சக்கரை இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லலாம்.

கீழே, உரிமையாளர் என்று போட்டுக் கையெழுத்து. அதன் பக்கத்தில் தேதி: ஜூன் 9.