ரூபினியும் பிளாட் முனைக் குழியும்

மாசாயில் பிளாட் வீடுகளுக்குத் திரும்பும் முனையில் ஒரு குழி உண்டு. ரூபினியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அது இன்னும் கொஞ்சம் வாயைத் திறக்கும் என்று அந்தப் பக்கத்துச் சனங்கள் சத்தியம் செய்வார்கள். மழைக்காலத்தில் அவள் அதில் விழுந்து எழுந்தபோது ஹெல்மெட்டுக்குள் ஒரு கெளுத்தி நீந்தியதாம். மீன் சமாச்சாரம் எப்படியோ, விழுந்தது நிஜம்.

ரூபினிக்குப் பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் மூடித் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் கீறல் உள்ளதையும் விளிம்பு பிசகியதையும் எடுத்துப் போடவேண்டும். நல்ல மூடியை அவள் பார்ப்பதே இல்லை; கெட்டது மட்டும் தானாக வந்து கண்ணில் ஒட்டும். வேலைக்கு அருமையான கண்தான். சாலைக்கு ஆகாது. குழியைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் பார்வையை எடுக்கமாட்டாள். மோட்டாரும் மரியாதையாக அங்கேயே போய் இறங்கும்.

கடைசியாக முழங்கை கிழிந்து வந்தபோது புருஷன் சதாசிவம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ விழுந்தே, மோட்டார் ஜீவனுக்குப் போயிரும். நீ கம்பெனி பஸ்ல போ."

ரூபினிக்கோ மோட்டார் இல்லாமல் ஆகாது. வேலை முடிந்து வரும் வழியில் அந்தச் சிவப்பு மோட்டாரைக் கடலோரம் நிறுத்தி, யாரும் கூப்பிடாத இடத்தில் தனியாக உட்கார்ந்து ஐஸ் மைலோ குடிப்பாள். கம்பெனி பஸ் அங்கே நிற்குமா? சதாசிவத்தின் தம்பி ஜீவனோ, அண்ணியின் முழங்கையை விசாரிக்க வந்த சாக்கில் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனவன்.

இந்த லட்சணத்தில் சதாசிவத்துக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு மறுநாள் காலை கிளினிக்குக்குப் போகவேண்டும். கூப்பிட்ட கார் வரவில்லை.

"மெதுவா போ லா. குழி வருது, பாத்துக்க," என்று பின்னால் ஏறி அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அத எனக்கா சொல்றீங்க? இங்கேருந்தே தெரியுது."

தெரிந்தது. கண் ஒட்டியது. ஹேண்டல் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, பட்டினியாகக் கிளம்பிய மனிதருக்கு ரொட்டி சானாய் சுடும் வாசனை அடித்தது.

"அடியே, செல்லம் அக்கா ஒட்டுக்கடை தொறந்திருக்கா பாரு. ஒத்தக் கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியல."

ரூபினி தலையை நிமிர்த்தினாள். தூரத்தில், சாலை வளையும் இடத்தில் நீலத் தார்ப்பாய். அதன் கீழே செல்லம் மாவு வீசிக்கொண்டிருந்தாள்.

"தொறந்திருக்கு."

"சரி, குழி எப்ப வரும்?"

ரூபினி பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். குழி பின்னால் கிடந்தது, பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி.

அடுத்த வளைவில் எதிரே வந்த லாரியின் சக்கரத்திலிருந்து கண்ணை எடுத்து, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தாள். மோட்டார் அங்கே போனது. ரவுண்டபௌட்டில் தலையைத் திருப்பி, வெளியேறும் பாதையைப் பார்த்தாள். மோட்டார் அங்கேயும் போனது. குழிகள் எல்லாம் கண்ணின் ஓரத்தில் இருந்தன. நடுவில் நல்ல சாலை. அதைத்தான் அவள் பொறுக்கிக்கொண்டே போனாள்.

திரும்பி வந்தபோது படிக்கட்டில் ஜீவன் காத்திருந்தான். மடியில் புது ஹெல்மெட்.

"அண்ணி, விழுந்துட்டீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"இல்ல... விழுந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

மீசையில் ரொட்டிக் குழம்போடு சதாசிவம் பின்சீட்டிலிருந்து நிதானமாக இறங்கினார்.

"தம்பி, அந்த ஹெல்மெட்ட வச்சிட்டுப் போ. என்னோடது லூசா இருக்கு. இனிமே நான் பின்னாலதான் உக்காரப் போறேன்."