குனிந்து கையெழுத்திடுகிறவர்

ஜுலைகா டீச்சர் காலமான செய்தி எனக்கு ஷார்ஜாவிலிருந்து வந்தது. அவர் வீடு மேலப்பாளையத்தில், நான் இருப்பது சிந்துபூந்துறையில். நடுவில் ஓர் ஆறுதான். இருந்தும் செய்தி கடல் தாண்டிப் போய்விட்டுத்தான் என்னிடம் திரும்பியது. டீச்சரின் தங்கை மகன் ரஷீது அங்கே வேலை பார்க்கிறான். "சார்வாள், பெரியம்மா மவுத்தாயிட்டாக. அசர் தொழுகைக்கப்புறம் எடுக்காகளாம். நீங்க போயிருவீயல்லா?" என்று கேட்டான். தன்னால் வர முடியாது என்பதை அவன் அப்படித்தான் சொன்னான்.

போனேன். மையவாடியில் எல்லாரையும் போல நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். டீச்சரின் ஓவிய வகுப்பில் மாம்பழம் வரைந்து, அது கத்திரிக்காயாக வந்து, திட்டு வாங்காமல் தப்பியவர்கள். டீச்சருக்குத் திட்ட வராது. அந்த வேலையை அவருக்கும் சேர்த்து நான்தான் பார்த்துவந்தேன். அவர்களுக்கும், டீச்சருடன் வேலை பார்த்த உங்களுக்கும் நான் இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளியின் மேல்மாடிக் கூடத்தில், ஜன்னலை ஒட்டித் தொங்கும் முகமில்லாத படத்தைப் பற்றியது அது.

நான் சமூக அறிவியல் ஆசிரியர். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை அப்படியே அச்சிட்ட பெரிய புத்தகம் ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். பாடம் நடத்த அதைத் தூக்கிக்கொண்டு போவேன். ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும் டீச்சர் அதை வாங்கி வைத்துக்கொள்வார். முகப்புரையைப் பார்க்கமாட்டார், அடிப்படை உரிமைகளைப் பார்க்கமாட்டார். நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுவார். அங்கேதான் சட்டத்தை எழுதிய சபையின் உறுப்பினர்கள் வரிசையாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "சார்வாள், இவுகளையெல்லாம் நம்ம கூடத்துக்குக் கூட்டிட்டு வந்துருவமா?" என்றார். ஏதோ ஆண்டு விழாவுக்கு விருந்தினர்களை அழைக்கிறார் என்று நினைத்து, பயணப்படி யார் கொடுப்பது என்று கேட்டேன். அவர் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தார்.

அப்படித் தொடங்கியதுதான் அந்தப் படங்கள். தலைமையாசிரியருக்காகப் பெயர்பெற்றவர்கள் சிலரை வரைந்தார். மற்றவர்களைத் தனக்காக வரைந்தார். யாரை வரைவது என்று அவர் முடிவு செய்தது கையெழுத்தைப் பார்த்துத்தான். எந்தக் கையெழுத்து பிடித்துப்போகிறதோ, அதைச் சாக்பீஸால் கரும்பலகையில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பார். பொருள் தெரியாத எழுத்தாக இருந்தாலும் எழுதுவார். தன் கை அந்த ஓட்டத்துக்குப் பழகிய பிறகு, முதலில் அந்த மனிதரின் கையை வரைவார். கையிலிருந்து தோள், தோளிலிருந்து கழுத்து, கடைசியாக முகம். முகத்திலிருந்து ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேன். "போட்டோவுல மூஞ்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி விறைப்பாத்தான் இருக்கு. கையெழுத்துல ஆளு நடந்து வாரது தெரியுது" என்றார். இவர் அவசரக்காரர், இவருக்கு அன்று காலையில் தலைவலி, இவர் பக்கத்தில் நிற்பவரிடம் பேசிக்கொண்டே போட்டிருக்கிறார் என்று ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். சரித்திரத்தில் இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று நான் வாதாடுவேன். என் டீ ஆறிப்போவதுதான் மிச்சம்.

இன்னொரு வாதமும் எங்களுக்குள் இருந்தது. அந்தப் படங்களில் யாருக்குப் பின்னாலும் டெல்லி இல்லை. கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிற பெரிய மனிதர்களுக்குப் பின்னால் தாமிரபரணி ஓடுகிறது. ஒருவருக்கு மருதமரத்து நிழல், ஒருவருக்குச் சாத்தான்குளத்துப் பனைகள், ஒருவருக்கு அறுப்பு முடிந்த வயல். எல்லாருடைய தோளிலும் சாயங்கால ஆற்று வெளிச்சம் படிந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றால் நாம்தான் அவர்களுடைய கனவில் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். இது உண்மை இல்லையே டீச்சர் என்றேன். "அவுக போட்ட கையெழுத்து நமக்கும் சேத்துத்தானே? ஒரு வாட்டி இங்கன வந்து பாத்துட்டுப் போகட்டுமே" என்றார். அதற்குப் பிறகு நான் டெல்லியைப் பற்றிப் பேசவில்லை.

படங்களை மாட்டிய குடியரசு தினத்தன்று ஒரு கூத்து நடந்தது. அலுவலக உதவியாளர் இசக்கி அண்ணாச்சி விடியுமுன்பே வந்து, மறைந்தவர்கள் படத்துக்குச் செய்வது போல எல்லார் நெற்றியிலும் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் என்று ஒருவரையும் விடவில்லை. கண்ணாடி போடாத படங்கள். சில படங்களில் எண்ணெய் வர்ணம் இன்னும் காயவில்லை, சந்தனம் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தில் அண்ணாச்சியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். டீச்சர் வந்து, நிதானமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "வந்தவுகளுக்குச் சந்தனம் குடுக்காண்டாமா சார்வாள்? எங்க கல்யாணத்துலயும் பூசத்தானே செய்யுதோம்" என்றார். குங்குமத்தை மட்டும் பஞ்சால் பைய ஒற்றி எடுத்தார். ஓரிரு நெற்றிகளில் மஞ்சள் சாயல் இன்றைக்கும் இருக்கிறது.

இனி அந்த முகமில்லாதவருக்கு வருகிறேன். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மேற்கொண்டு படிக்காமல் கைபேசியில் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். வடக்கே ஒரு சின்ன ஊர்க்காரர். அவர் கையெழுத்து சாய்வாக ஏறி, கடைசி எழுத்து கொஞ்சம் நழுவியிருக்கும். அந்தக் கையெழுத்தின் மேல் டீச்சருக்கு அப்படி ஒரு பிரியம். ஆனால் அவர் புகைப்படம் எங்களுக்குக் கிடைத்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. வடக்கே போகிறவர்கள் எல்லாரிடமும் டீச்சர் சொல்லி அனுப்புவார். பட்டாளத்துக்குப் போன மாணவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், காசிக்குப் போன ஆழ்வார்திருநகரிக் கணக்கு சார் வரைக்கும். கணக்கு சார் கங்கை ஜலம் கொண்டுவந்து கொடுத்தார்.

படங்களை மாட்டும் விழா நெருங்கியபோது தலைமையாசிரியர் பொறுமை இழந்தார். ஒரு தலைப்பாகையும் ஒரு மூக்குக்கண்ணாடியும் வைத்து யாரையாவது வரைந்துவிடுங்கள், எவர் வந்து கேட்கப்போகிறார் என்றார். அந்தப் பள்ளியில் டீச்சர் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "கையெழுத்து அவரு போட்டது சார். மூஞ்சிய மட்டும் நாமளா ஒட்ட வைக்கலாமா?" என்றார். பிறகு அவர் வரைந்த படம்தான் ஜன்னலோரத்தில் இருப்பது. ஒருவர் மேசைமேல் நன்றாகக் குனிந்திருக்கிறார். நரைத்த உச்சந்தலையும் பேனா பிடித்த கையும் மட்டும் தெரிகின்றன. பின்னால் ஆறு.

டீச்சர் ஓய்வுபெற்ற பிறகும் தேடுவதை விடவில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, இனி எதைத் தேடி என்ன என்று நான்தான் மனம் தளர்ந்தேன். அப்போதுதான் ஷார்ஜாவில் ரஷீதுடைய அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அந்த முகமில்லாதவருடைய ஊர்க்காரர். ரஷீது விடவில்லை. ஊரில் அந்தக் குடும்பத்துப் பழைய வீட்டுச் சுவரில் இருந்த அவர் புகைப்படத்தைக் கைபேசியில் எடுக்கச்சொல்லி எனக்கு அனுப்பினான். நான் ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் ஓடினேன்.

டீச்சர் கைபேசியை இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நாங்கள் நினைத்ததுபோல எதுவும் இல்லை. தலைப்பாகை இல்லை, கண்ணாடி இல்லை. பெரிய காதுகளுடன், ஏதோ சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்குகிற முகம். "காதப் பாருங்க சார்வாள்" என்று டீச்சர் சிரித்தார், கண்ணீர் வழிந்தது. எனக்கு அவசரம். முகம் வைத்த படத்தை டீச்சர் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டுமே என்ற பயம். நல்ல ஓவியராகக் கூட்டிவருகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், புதிதாக ஒரு படம் நிமிர்ந்த முகத்தோடு போட்டு அந்த இடத்தில் மாட்டிவிடலாம் என்றேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். பிறகு ஏன் இத்தனை வருஷம் தேடினீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியணும்லா. செவுத்துக்குத் தெரியாண்டாம்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவரு இன்னும் போட்டு முடிக்கல, சார்வாள். முடிச்சதும் அவராவே நிமிருவாரு" என்றார்.

இப்போது நினைவுக் கூட்டம் நடத்துகிற நண்பர்கள், டீச்சரின் ஆசையை நிறைவேற்றுவதாக நினைத்து, அந்தப் படத்துக்கு முகம் வைக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என் கைபேசியில் இருக்கும் புகைப்படத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கொடுக்கமாட்டேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், நான் திட்டு வாங்கவும் பழகியவன்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டத்தை நான் முடிந்துபோன காரியமாகவே பாடம் நடத்தினேன். எழுதினார்கள், கையெழுத்திட்டார்கள், இரண்டு மதிப்பெண். டீச்சருடைய படத்தில் பேனா இன்னும் தாளைவிட்டு எழவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

நேற்றுச் சாயங்காலம் கூடத்துக்குப் போனேன். ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து எல்லார் மேலும் விழுந்திருந்தது. அவர் குனிந்தே இருந்தார். எழுதுகிறவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைப் பைய சாத்திவிட்டு வந்தேன்.