ஒரு சிரிப்பு மட்டும் தாமதமாக

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பெங்களூரிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு போஸ்டர் வரும். அடுத்த மாதம் அந்த நைட் கிளப்பில் என்னென்ன நிகழ்ச்சிகள் என்று அதில் போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்குவார்கள். முதலில் பாட்டுக் குழு, நடுவில் காபரே, கடைசியில் நகைச்சுவை. பாடுகிற பெண்ணின் முகம் பாதி போஸ்டரை அடைத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் காபரே ஆடுகிற அக்கா தலையில் இறகு வைத்துக்கொண்டு நிற்பார். நகைச்சுவைக்காரியான நான் கீழ் மூலையில், வாகனம் நிறுத்த இடம் உண்டு என்ற வரிக்குப் பக்கத்தில், ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு இருப்பேன்.

அதைக்கூட அப்பா விடமாட்டார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். அம்மா வந்து பார்ப்பாள். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு காந்தம் வைத்திருக்கிறாள். அதை எடுத்து அந்த அக்காவின் தொடைமேல் வைத்துவிட்டுப் போவாள். மாதா மாதம் படம் மாறும், எலுமிச்சம்பழமும் சரியான இடத்துக்கு நகர்ந்துவிடும்.

அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆன கையோடு ஓசூருக்கு வந்து, இரும்புத் தகட்டைக் கார் பாகங்களாக அடித்தெடுக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர், ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிக்காரர்கள்தான். யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். எங்கள் தெருவில் ரகசியம் என்றால் நாலு வீட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுவது. எனக்கு மேடையில் மைக்கே வேண்டாம் என்று கிளப்பில் கிண்டல் செய்வார்கள். வளர்ந்த இடம் அப்படி.

அப்பா ரிட்டயர் ஆன அன்று வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் ஒரு கதை சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் காது சோதனை நடக்கும். கண்ணாடி வைத்த சின்னக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். காதில் சத்தம் வரும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். "சத்தத்தக் குடுக்கறப்ப அந்த நர்ஸம்மாவுக்கு எடது தோளு லேசாத் தூக்கும். தோளு தூக்குனா அமுக்கு, அவ்வளவுதான். ஒரு வருசங்கூட நான் ஃபெயிலானதில்ல" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல் என் நோட்டில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

நான் அப்போது குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். விடியற்காலை கம்பெனி பஸ், திரும்பி வர இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெங்களூர் போய் ஐந்து நிமிஷம் மேடையேறுவேன். ஒரு நாள், இரண்டையும் சேர்த்து இனி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் கொட்டினேன். "அப்பா, நான் வேலைய விடலாம்னு இருக்கேன், காமெடியத்தான் முழுசாப் பண்ணப் போறேன், நாளைக்கு லெட்டர் குடுத்துரட்டுமா?"

"சரி தாயி" என்றார்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் லெட்டரைக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் யாருமே சிரிக்காமல் போயிருக்கின்றன. பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழையும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அப்பா சரி சொல்லியிருக்கிறார் என்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் பைத்தியம் என்றபோதும் எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அதன்மேல் ஏறித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் எனக்குப் பேர் கிடைத்ததும் அதனால்தான். கிளப்பில் எனக்கு நிரந்தர இடம் வாங்கித் தந்தது அப்பாவைப் பற்றிய பகுதிதான். "எங்கப்பாகிட்ட எதச் சொன்னாலும் சரி தாயி. காலேஜ்ல ரெண்டு அரியர்ப்பான்னேன், சரி தாயி. அந்த மாப்ள வேணாம்ப்பான்னேன், சரி தாயி. வேலைய விடறேன்ப்பான்னேன், சரி தாயி. ஒரு நாள் வீடு தீப்பிடிச்சிருச்சுப்பான்னு கத்துனேன்." இங்கே ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். "சரி தாயி, கதவச் சாத்திட்டு வா."

பெங்களூர்த் தமிழர்களுக்கு, கன்னடக்காரர்களுக்கு, தெலுங்குக்காரர்களுக்கு, எல்லோருக்கும் இப்படி ஒரு அப்பா எங்கோ இருக்கிறார் போல. அந்த இடத்தில் கூடம் குலுங்கும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தானும் வருகிறேன் என்றார். அம்மா, "எறகு வச்சவ எறங்கிப் போனப்பறம் சொல்லுங்க, வர்றேன்" என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். அப்பாவிடம் இருந்தது ஒரே ஜோடி ஷூ, முனையில் இரும்பு வைத்த கம்பெனி சேஃப்டி ஷூ. அதற்குப் பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிளப்பில் மூன்றாவது வரிசை மேசையில் உட்கார வைத்தேன். எலுமிச்சை சோடா சொன்னார். பாட்டுக் குழு வாசித்தபோது டிரம்முக்குச் சரியாக அந்த ஷூ தட்டியது. காபரேயின்போது மரியாதையாக மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரே சிரித்த அந்தப் பகுதியை அவர் கேட்டதில்லை. கோபப்படுவாரோ, கூசிப்போவாரோ என்று பயம்.

மேடையில் விளக்கு கண்ணைக் குத்தும், முகம் எதுவும் தெரியாது. காதுதான் கண். அப்பாவின் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், பழைய டிவிஎஸ் வண்டி மாதிரி ரெண்டு உதை வாங்கித்தான் கிளம்பும். அன்று முதல் ஜோக்கில் கூடம் சிரித்து ஓய்ந்தது. பிறகு அந்த ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கிளம்பியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். புரிய நேரமாகிறது போல என்று நினைத்தேன். பிறகு எரிச்சல் வந்தது. மகள் என்பதற்காக மொய் எழுதுகிற மாதிரிச் சிரிக்கிறாரே என்று. கதவைச் சாத்திட்டு வா என்று முடித்தபோது எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அதற்கும் அப்பா அதே தாமதத்தில் அதே அளவு சிரித்தார். தன்னைப் பற்றித்தான் பேசினேன் என்று தெரிந்த அடையாளமே அதில் இல்லை.

மேடைக்குப் பின்னால் காபரே அக்கா இறகைக் கழற்றி வைத்துவிட்டு டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "உங்கப்பா உன்னப் பாக்கவே இல்ல பாப்பா" என்றார். "நான் இங்கிருந்து பாத்துட்டுதான் இருந்தேன். பக்கத்து டேபிள்காரன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தாரு. அவன் சிரிச்சா இவரும் சிரிச்சாரு."

நர்ஸம்மாவின் இடது தோள் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாகத்தான் கேட்டேன். "அப்பா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

"சரி தாயி" என்றார், வெளியே பார்த்தபடியே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். முதலில் அழுதது எனக்காக. அப்படியானால் அன்று சமையலறை வாசலில் எனக்கு யார் சரி சொன்னார்கள்? நான் இத்தனை நாள் எதன்மேல் நின்றுகொண்டிருந்தேன்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள் அசரவில்லை. "தெரியும். எத்தன வருசமா அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு பேசறேன், நீ பாத்ததில்லையா? கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு வெளிய அனுப்பிருவான்னு பயந்தாரு. பொறவு அதுவே பழகிப்போச்சு. நீ ரயிலு மாதிரிப் பேசுவ, பேசறப்ப போனப் பாத்துக்கிட்டே பேசுவ. அவருக்கு எங்க பிடிபடும்" என்றாள்.

ரெண்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். வெயில் என் முகத்தில் விழும்படி நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"நான் வேலைய விடறேன்னு சொன்னப்ப சரின்னீங்களே. அது காதுல விழுந்துச்சா?"

துண்டை உதறிக் கொடியில் போட்டார். "இல்ல தாயி."

"அப்பறம்?"

"ரெண்டு நாளு கழிச்சு உங்கம்மா சொன்னா. அதுக்குள்ள நீ லெட்டரக் குடுத்திட்ட."

"அன்னைக்கே காதுல விழுந்திருந்தா?"

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பொட்டப்பிள்ள, நல்ல கம்பெனி. எந்த அப்பன் சரிம்பான்?"

நான் கீழே இறங்கிப் போகத் திரும்பினேன். என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். முகம் தெரிந்தால்தானே அவருக்குப் பேச்சு.

"அதுக்கு முந்தி மூணு மாசமா நீ சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருப்ப. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு நாளு ராத்திரி ரெண்டாந்தடவ சோறு கேட்ட. என்ன விசேசம்னு உங்கம்மாளக் கேட்டேன், அப்பத்தான் சொன்னா. லெட்டரக் குடுத்திட்டான்னு. இனி நான் எங்குன போயி வேண்டாம்னு சொல்ல? காது போனதும் ஒருவகைல நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஈரத் துணியெல்லாம் பக்கெட்டிலேயே கிடந்தது.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் கண்ணாடிக் கூண்டு, ஹெட்போன், பொத்தான். சோதனை செய்கிற பெண் கருவியைத் தொடுமுன் அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெடுநேரம் அந்தக் கட்டைவிரல் அசையவே இல்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வருஷா வருஷம் அந்தக் கம்பெனிக் கூண்டுக்குள் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

காதுக்குக் கருவி வந்தது. வீட்டில் உதவுகிறது. இப்போது புது ஜோக் எழுதினால் மொட்டைமாடியில் எதிரே நின்று முதலில் அவரிடம்தான் சொல்கிறேன். முன்பு சரி தாயி என்று சொல்லியிருக்கும் இடத்தில் இப்போது "மறுபடி சொல்லு" என்கிறார். நாலைந்து தடவை சொல்ல வைக்கிறார். குற்றம் வேறு கண்டுபிடிக்கிறார். பிரஸ் ஓட்டிக்கொண்டே ஒருவர் டீ குடிப்பதாக நான் ஒன்று வைத்திருந்தேன். "ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் பிரஸ்ஸு எறங்கும். ஒரு கைல டீ குடிச்சான்னா எவன் நம்புவான்?" என்று அதை அடித்துவிட்டார். பழைய சரி தாயி பகுதியையும் அவருக்காக முழுசாகச் சொன்னேன். கதவைச் சாத்திட்டு வா என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அதிலிருந்து வாரம் ஒருமுறை அதைச் சொல்லச் சொல்லுவார்.

போன மாதம் மறுபடியும் கிளப்புக்கு வந்தார். இந்த முறை அம்மாவும் வந்தாள். காபரே அக்கா ஆடும்போது அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள், கையில் எலுமிச்சம்பழம் இல்லை. அப்பாவை முதல் வரிசையில், என் வாய் தெரிகிற ஓரத்தில் உட்கார வைத்திருந்தேன். கண்ணாடித் தம்ளர்கள் இடிக்கிற சத்தம் தாங்கவில்லை என்று கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அரியர், மாப்பிள்ளை, வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். வீடு தீப்பிடிச்சிருச்சுப்பான்னு கத்துனேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு மூச்சுக்காக நிறுத்தினேன். கூடம் அமைதியாகக் காத்திருந்தது.

அந்த அமைதியில் முதல் வரிசை ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு ரெண்டு உதை வாங்கிக் கிளம்பியது. வேறு யாரும் இன்னும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்து மேசையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வரப்போவது தெரிந்துபோய், அடக்கமுடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து அமுக்கியும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார், பிறகு ஒரு மேசை, பிறகு கூடம் முழுக்க.

ஜோக் கெட்டுப்போனது. கதவைச் சாத்திட்டு வா என்பதை நான் அன்று சொல்லவே இல்லை.