முதலிடத்துக்கு எழுதிய வரி

மூன்று வருடம் நான் பட்டியல் எழுதிச் சம்பாதித்தேன். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில், தகரக் கூரைக்குக் கீழே, மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சென்னையில் இருந்த ஓர் இணையதள நிறுவனம் ஊர்ப் பெயரை மட்டும் அனுப்பும். அந்த ஊரின் சிறந்த பத்து பிரியாணிக் கடைகள், சிறந்த பத்து சைனீஸ் உணவகங்கள் என்று நான் எழுதி அனுப்ப வேண்டும். சைனீஸ்தான் அதிகம் கேட்டார்கள். கோயில் குளம் என்று காரில் கிளம்புகிற குடும்பங்களில் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்டு அழும் என்பது அவர்கள் நினைப்பு.

அந்த ஊர்களில் பாதியை நான் பார்த்ததே இல்லை. யார் யாரோ போட்ட நட்சத்திரங்களையும் கருத்துகளையும் படித்து, வரிசையைக் கொஞ்சம் மாற்றி, கடைக்கு மூன்று வரி எழுதுவேன். எங்கள் வேலையை மேற்பார்வையிட்ட அம்மாள் போனில் சொல்வார்: "மூணு வரியில ஒண்ணு மனுஷங்களைப் பத்தி இருக்கட்டும். அப்பதான் நேர்ல போய்ச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்." அந்த மூன்றாவது வரியை நானே உண்டாக்கிக்கொள்வேன். ஒரு கடையில் முதலாளியின் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். இன்னொன்றில் பரிமாறுகிறவர் போன தடவை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைவு வைத்திருப்பார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் வந்த ஊர்ப் பெயர் கோவில்பட்டி.

பத்துக் கடை சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போர்டில் சைனீஸ் என்று போட்ட கடைகள் ஏழுதான் தேறின. இரண்டு தள்ளுவண்டிகளைச் சேர்த்தேன். பத்தாவதாக எழுதிய கடை மூடிப் பல மாதம் ஆகியிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலிடத்துக்கு பைபாஸுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்னக் கடையைப் போட்டேன். முன்பு எனக்குக் காய்ச்சல் வந்து நாக்கு செத்துக் கிடந்தபோது என் தம்பி அங்கிருந்து ஒரு முட்டை நூடுல்ஸ் பார்சல் வாங்கி வந்தான். அதைத் தின்ற பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த ஒரு பார்சல்தான் காரணம். கடைக்குள் நான் கால் வைத்ததில்லை.

மூன்றாவது வரி வேண்டுமே. யோசிக்காமல் எழுதினேன்: "சமையலை முடித்துவிட்டு, கடைக்காரரே ஒவ்வொரு மேசைக்கும் வந்து, உப்பு போதுமா என்று கேட்பார்."

ஒரு வருடம் கழித்து, என் தோழியின் பிறந்தநாளுக்கு அந்தக் கடைக்குப் போனோம். நாலு மேசை. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். கோவில்பட்டியின் சிறந்த சைனீஸ் உணவகங்களில் முதலிடம் என்று மேலே பெரிதாகவும், அதற்குக் கீழே என் மூன்று வரிகளும். என் பெயர் அதில் இல்லை. தளத்திலும் ஒரு புனைபெயர்தான். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. தோழியிடம்கூடச் சொல்லவில்லை.

நாங்கள் பாதி சாப்பிட்டிருந்தபோது அடுக்களைத் தட்டியை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு எங்கள் மேசை அருகே நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தாடை ஒரு பக்கம் இழுத்தது. கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"உ... உ... உப்பு போ... போதுமா?"

என் தோழி, "நல்லாருக்கு அண்ணாச்சி," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கேயும் அதே பாடு. நான் இல்லாத ஒன்றை எழுதினேன். அது வேர்வையோடு எழுந்து வந்து என்னிடமே கேட்டுவிட்டுப் போகிறது.

பில்லைக் கொண்டுவந்த அவர் மனைவியிடம், எதையாவது பேச வேண்டும் என்பதற்காக, "அண்ணாச்சி எப்பவும் இப்பிடி வந்து கேப்பாவளா?" என்றேன்.

"எங்க?" என்று அந்த அக்கா சிரித்தார். "அவியளுக்குச் சின்னதுலேருந்தே திக்குவாய். பம்பாயில பதினொரு வருசம் சைனீஸ் அடுப்படியில கெடந்தாவ, அங்கனயும் ஒரு வார்த்த பேசுனதில்ல. இங்க கட போட்டும் உள்ளயேதான் இருந்தாவ. நாந்தான் வெளிய. அந்தா சொவத்துல போட்டிருக்குல்ல, அது நெட்டுல வந்த பொறவு, வருதவுகல்லாம் ஓனரு எங்க, கேக்க மாட்டாரான்னு தேட ஆரம்பிச்சுட்டாவ. ஊரே படிச்சிருக்கு, வரலன்னா பொய்யாப் போயிருமேன்னு அவியளே கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பழகுனாவ."

அந்தக் கண்ணாடி பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஆனாலும் கடைக்குப் போவதை நிறுத்த முடியவில்லை. மாதம் ஒரு தடவையாவது போவேன். ஒவ்வொரு தடவையும் அவர் வருவார். திக்குவது நிற்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு முறை குழந்தையோடு வந்திருந்தவர்களிடம், கேட்டு முடித்த பிறகு ஒரு நிமிடம் கூடவே நின்று சிரித்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து, பரவாயில்லை, என் பொய்யால் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று மனசை ஆற்றிக்கொண்டேன். உண்மை எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் இறந்துபோனார். கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சொந்த ஊரான பசுவந்தனைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். பதினாறு கழிந்ததும் அக்கா கடையைத் திறந்தார். இப்போது அவர்தான் அடுப்படியில். பரிமாற அவருடைய தங்கை வந்துவிட்டார்.

அதன் பிறகும் இணையத்தில் கருத்துகள் வந்தன. அண்ணாச்சி இறந்து நாலு மாதத்துக்குப் பிறகு ஒருவர் எழுதியிருந்தார்: நேற்று குடும்பத்தோடு போயிருந்தோம், கடைக்காரரே மேசைக்கு வந்து உப்பு போதுமா என்று கேட்டார், மனசு நிறைந்தது. அடுத்த மாதம் இன்னொருவர். அதற்கடுத்து மூன்று பேர். எனக்குத் தெரியும், என்னைப் போல எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிற யாரோ பழைய வரியை எடுத்துத் திருப்பி எழுதுகிறார்கள். தெரிந்தும், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்த ஐந்து பேரில் யாராவது ஒருவர் உண்மையிலேயே அங்கே சாப்பிட்டிருந்தால்? அவர் மேசைக்கு வந்தது யார்?

வரியை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். அதற்குள் அது கைமாறியிருந்தது. மேற்பார்வையிட்ட அம்மாளின் எண் வேலை செய்யவில்லை. என் பட்டியலைப் பார்த்து வேறு நாலு தளங்கள் பட்டியல் போட்டிருந்தன. எல்லாவற்றிலும் கடைக்காரர் அடுக்களையிலிருந்து வந்துகொண்டே இருந்தார்.

பொங்கல் முடிந்து ஒரு சாயங்காலம், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று. சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் அடுக்களைத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் கேட்டார், "ஓனர் வந்து கேப்பாருன்னு போட்டிருந்துச்சே, வரலையா?"

அக்கா கரண்டியைப் பிடித்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"உள்ளதான் இருக்காவ. வேலயா இருக்காவ," என்றார்.

அவர்கள் சரி என்று போய்விட்டார்கள். தட்டிக்குப் பின்னால் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம், ஆள் வராத நேரமாகப் பார்த்துப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து சொன்னேன். அந்த வரியை எழுதியது நான்தான், அதற்கு முன்னால் கடைக்கு வந்ததே இல்லை, முழுக்கக் கற்பனை என்று.

அக்காவின் கை நின்றது.

"அதுக்கு முன்னால அவியள நீங்க பாத்ததே இல்லியா?"

"இல்லக்கா."

"பொறவு எப்பிடி மொத எடத்துல போட்டீங்க?"

"ஒரு பார்சல் சாப்பிட்டேன். நல்லாருந்துச்சு. அவ்வளவுதான்."

"மத்தக் கடையெல்லாம்?"

"அதுவும் அப்பிடித்தான்க்கா. பாக்காமதான் எழுதினோம்."

அக்கா வெங்காயத்தாளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். வெளியே லாரி ஒன்று தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு சொன்னார்:

"யாரோ வந்து சாப்பிட்டுட்டு, ஆசப்பட்டு எழுதியிருக்காவன்னு அவிய நம்பிக்கிட்டுதான் செத்தாவ. நம்மள வெளிய வரச் சொல்லி ஒருத்தரு கேட்டிருக்காவ பாத்தியான்னு எங்கிட்ட சொன்னாவ."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"கோவப்படவும் முடியல. நீங்க எழுதலன்னா கடைசிக் காலத்துலகூட அவிய நாலு பேரு மொகத்தப் பாத்திருக்க மாட்டாவ. ஆனா அது உங்க வார்த்தயில்லா? அவியளா வெளிய வந்திருந்தா என்ன கேட்டிருப்பாவன்னு இனிமே எனக்குத் தெரியப் போறதில்லியே."

எழுந்து வரும்போது, "நேத்து எதுக்குக்கா உள்ள இருக்காவன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தவறிட்டாவன்னு சொன்னா, சாப்பிட்ட வாயி கசந்துரும்லா. அதான். சொல்லிச் சொல்லி எனக்கே இப்பம் திரும்பிப் பாக்கத் தோணுது."

அடுத்த வாரம் போனபோது ஃபிளெக்ஸ் இல்லை. யாராவது கேட்டால், "அவிய இல்ல, தவறிட்டாவ," என்று அக்கா சொல்ல ஆரம்பித்திருந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார், முன்போல் சிரிப்பதில்லை. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறேன்.

ஆனால் பட்டியல்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் விடவில்லை. இந்த வருடம் ஒரு புதுப் பட்டியல் வந்தது. அக்காவின் கடை மூன்றாவது. முதலிடத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். படங்கள் இருந்தன: சிவப்பு விளக்கு, ஆவி பறக்கும் கிண்ணம், சிரிக்கிற முகங்கள். பரிமாறும் பெண் ஒருத்தி குழந்தைகளுக்குக் கதை சொல்வாள் என்று ஒரு வரியும் இருந்தது. வரைபடத்தில் பசுவந்தனை சாலையைக் காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

போன் நிற்கச் சொன்ன இடத்தில் கரிசல் காடு. உளுந்து எடுத்து முடித்து வெறுமனே கிடந்தது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வேலிக்கருவை, அதன் நிழலில் ஆடு மேய்க்கிற ஒரு வயசாளி. வேறு ஒன்றும் இல்லை. போனை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றே சொன்னது.

"இங்கன ஏதாச்சும் ஹோட்டல் இருக்கா அண்ணாச்சி?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்கன ஏது தாயி ஹோட்டலு? போன வாரமும் ரெண்டு காரு வந்துச்சு. பிள்ளைகளோட எறங்கி இதத்தான் கேட்டாவ. கதை சொல்லுத பொண்ணு ஒண்ணு இருக்காமே, அது எங்கன்னு ஒரு பிள்ள கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அந்தப் பிள்ள காட்டுக்குள்ள ஓடிப் போயி தேடிப் பாத்துச்சு. பொறவு கூட்டிக்கிட்டுப் போயிட்டாவ. பசியோட போனாவ, பாவம்."