அக்காவைத் தேடிய கரை

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. வீட்டில் அடித்து விரட்டிய பிறகு, துறைமுகத்தில் ஆண்பிள்ளைச் சட்டையோடு நின்ற என்னை மடியில் உட்கார்த்தித் தங்கச்சி என்று சேர்த்துக்கொண்டவள். அவளும் என்னைப்போல ஆணாகப் பிறந்தவள்தான். கப்பல்காரர்களிடம் இருவரும் தொழில் செய்தோம். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் போனதும் இங்கே பிழைப்பு படுத்துவிட்டது. அக்கா தோணி ஏறிக் கொழும்புக்கும் இங்கேயுமாக அலைந்தாள். அங்கே அவளைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரி. அலி என்று மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றுபோலக் கூப்பிட்டார்கள்.

அவள் திரும்பி வந்த தோணி காற்றில் கவிழ்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. உடம்பாவது கிடைக்காதா என்று கரையோடு தெற்கே நடந்தேன்.

"பொம்பள உடம்பு ஏதும் ஒதுங்குச்சாண்ணே?"

"தோணியில பொம்பள ஏதுலே? இல்ல, ஏதுளான்னு சொல்லணுமோ?" என்று என் சேலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இல்லை, இல்லை என்று கேட்கக் கேட்க, அவள் சாகவில்லை என்றே நம்பினேன்.

பெரியதாழையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சிரிக்கவில்லை.

"பொம்பள இல்ல. ஒரு ஆம்பளதான் ஒதுங்குனான். சாரம் கட்டியிருந்தான், கிராப்புத் தலை. மூக்குல தொள இருந்துச்சு. வேண்டுதலுக்குக் குத்தியிருப்பாவன்னு நெனச்சோம். நாங்களே அடக்கிட்டோம்."

அது அக்கா மூக்குத்தி போட்ட தொளை. பெண்ணைத் தோணியில் ஏற்ற மாட்டார்கள். அக்கா முடியை வெட்டி, ஆணாகத்தான் ஏறுவாள். போகும்போதெல்லாம் அவளுக்கு முடி வெட்டிவிட்டதே நான்தான். தேடும்போது மட்டும் பெண்ணைத் தேடியிருக்கிறேன். எனக்கு அவள் வேறு எதுவாகவும் இருந்ததில்லை.

கல்லறைக்குக் கூட்டிப்போனார். மணல் இன்னும் அமரவில்லை. பனைமட்டையில் ஒரு சிலுவை.

"வேதக்காரனா? ஞானஸ்நானம் வாங்குனவனா?"

"தெரியாதுண்ணே."

"பேராவது சொல்லு. பூசையில வாசிக்கணும்லா."

எனக்குத் தெரிந்த பேரைச் சொன்னேன்.

"அது பொம்பளப் பேருல்லா? அப்பன் ஆத்தா வச்ச பேரச் சொல்லு."

அதை அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அவர் நான் சொன்ன பேரை வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தார், பிறகு முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். பூசையில் 'கடலில் வந்த ஒரு மகன்' என்று வாசித்தார்கள். கோயில் வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

இப்போது கனவில் வருகிற அக்காவுக்குக் கிராப்புத் தலைதான். எனக்குத் தெரிந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை.