பாடுற செசிலி

இன்று பிறந்தநாள் காணும் பாடகர்கள் என்று ரேடியோ வாசித்த பட்டியலில் செசிலியும் இருந்தாள். அவள் பாட்டு ஒலித்ததும் ராயபுரம் கோயில் சாம்பிராணி என் மூக்கில் ஏறியது.

சிறு வயதில் அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியின் திருநாளில் இருவரும் பிறந்ததால் எனக்கும் அதே பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், திருநாள் பூசையில் அந்தப் பெயருள்ளவள் தனியாகப் பாடுவது எங்கள் கோயில் வழக்கம். ஆர்மோனியக்காரர் என்னைப் பார்த்து, "நீ குந்து மே, பாடுற செசிலி வரட்டும்" என்பார்.

ஒன்பதாவது பிறந்தநாளில், மீனுக்கு ஐஸ் உடைக்கும் என் நைனாவிடம் ஒரு கட்டி வாங்கி அவளைத் தின்னவைத்தேன். கம்மிய குரலில் அவள் பாட, கோயிலே அழுதது. எனக்கு வயிறு எரிந்தது.

"நல்லா பாடுறாங்கல்ல?" என்றாள் ரேடியோ பக்கத்தில் இருந்த மகள்.

"இன்னா நல்லா? கொரல் கம்மிக்கினு கீது" என்றேன்.