கோதண்டபாணி கழற்றிய பலகை

ஆடி மூன்றாம் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் நண்பர் கோதண்டபாணி திண்டிவனத்தில் காலமானார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் திங்கட்கிழமை என்று அச்சிட்டிருக்கிறார்கள், அது பிழை. விழுப்புரத்திலிருக்கும் எனக்குத் தொலைபேசியில் செய்தி சொன்ன அவர் மகனிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே அவர் நடத்திய சிற்றுண்டிச் சாலையில் என் அலுவலகக் காலம் முழுவதும் உண்டவன் நான். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கறாரானவர், ஆனால் தம் கடையில் எவரும் கூசி உட்காருவதைப் பொறுக்க மாட்டார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், தை பிறந்த முதல் திங்கட்கிழமை. ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயத் தம்பதியர் உண்டு முடித்தபின், பரிமாறிய இளைஞர் மேசையை விட்டு நகராமல் நின்றார். அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி, "பில்லுக்கு மேல இன்னா குடுக்கணும் தம்பி?" என்று பயந்து கேட்டார்.

கல்லாவில் இருந்த கோதண்டபாணி என் பக்கம் திரும்பினார். "ஆசையா குடுத்தா சந்தோஷம், சார். பயந்துகினு குடுத்தா அது வரி."

மறுநாளே எல்லோருக்கும் ஊதியத்தை உயர்த்தினார். கல்லாவுக்கு மேலே, 'பரிமாறுபவர்களுக்கு இனாம் தர வேண்டாம்' என்று பலகை மாட்டினார்.

எண்ணம் நேர்மையானது. ஆனால் அது ஆரோக்கியசாமியைப் புண்படுத்தும் என்று அவர் நினைக்கவில்லை. அங்கேயே தலை நரைத்த பரிமாறுபவர் அவர். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. வாடிக்கையாளர்களே டம்ளருக்கடியில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள்.

"சம்பளம் உங்க மனசு, முதலாளி. அந்தப் பத்து ரூபா அவுங்க மனசு. நடுவுல போர்டு எதுக்கு?"

"உனக்கு மட்டும் தனி சட்டமா?"

"நான் எப்பனா கேட்டனா?"

கேட்டதில்லை என்பதை இருவரும் அறிவர். ஆயினும் ஒருவரும் இறங்கி வரவில்லை. மாசிக் கடைசியில் ஆரோக்கியசாமி விழுப்புரம் ரயில் நிலையத்தருகே வேறொரு கடைக்குப் போய்விட்டார். அதன்பின் திண்டிவனம் கடையில் யாரும் முகம் சுளித்துப் பரிமாறவில்லை. முகம் மலர்ந்தும் பரிமாறவில்லை.

சென்ற பங்குனியில் கோதண்டபாணி விழுப்புரம் வந்து, என்னையும் அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றார். கேளாமலே அவருக்குச் சர்க்கரை குறைத்த காபியை ஆரோக்கியசாமி கொண்டுவந்து வைத்தார்.

"போர்டு இன்னும் கீதா, முதலாளி?"

"கீது. டெய்லி தொடச்சிக்கினு கீறேன்."

இருவரும் சிரித்தார்கள். எழும்போது கோதண்டபாணி டம்ளருக்கடியில் ஒரு நோட்டை வைத்தார். வாசல்வரை பின்னால் வந்த ஆரோக்கியசாமி அதை அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தார்.

"வேணாம். இத வச்சிட்டா நீங்களும் கஸ்டமரா ஆயிடுறீங்க."

ஷேர் ஆட்டோவில் கோதண்டபாணி சொன்னார்: "திரும்ப வாடான்னு கூப்புடத்தான் வந்தேன், சார். வாய் வரல. கை முந்திக்கிச்சு."

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். "போர்ட கழட்டிட்டேன். நீங்க ஆரோக்கியசாமிகிட்ட சொல்லிடாதீங்க. ஆடி போவட்டும், நானே போயி அவன இட்டாரேன்."

ஆடி போகவில்லை; அவர் போய்விட்டார். நல்ல சொல்லுக்கும் நல்ல மாதம் பார்த்தாரே என்பதுதான் என் ஆற்றாமை.

கருமாதிச் சாப்பாடு அவர் கடைக்கூடத்திலேயே நடந்தது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஆரோக்கியசாமி, கல்லாவுக்கு மேலே சுவரில் வெளுத்திருந்த சதுரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"எப்ப சார் கழட்டினாரு?"

நாளைச் சொன்னேன். எதற்கு என்பதையும் சொன்னேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசிப் பந்தி வரை பரிமாறினார். முடிவில் கோதண்டபாணியின் மகன் ஒரு நோட்டை நீட்டினார். "வச்சிக்கோங்கண்ணே."

"இன்னிக்கு நான் வூட்டு ஆளு, தம்பி" என்றவர் உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து, கோதண்டபாணியின் படத்தின் முன் வைத்தார். சர்க்கரை குறைத்திருப்பார், கேட்கத் தேவையில்லை.

போய் வாருங்கள், கோதண்டபாணி. உங்கள் ஆள் வந்துவிட்டார்.